ஆணுறை கிழிந்த இரவு முதல் 24 வாரம் வரை: அவசரக் கருத்தடைக்கும் கருக்கலைப்புக்கும் ஒரு வழிகாட்டி

ஆணுறை கிழிந்துவிட்டது. அல்லது தினமும் போடும் கருத்தடை மாத்திரை இரண்டு மூன்று நாள் விட்டுப்போயிற்று. அல்லது எந்தத் தடுப்பும் இல்லாமல் உறவு நடந்துவிட்டது. சிலருக்கு அது விருப்பமே இல்லாமல் நடந்தது. காரணம் எதுவானாலும் அடுத்து என்ன செய்யலாம் என்பது ஒரே கேள்வியில்தான் இருக்கிறது: எத்தனை நாள் ஆகிறது? யார் மேல் தப்பு, வீட்டில் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் மூன்று நாளில் ஒரு மாத்திரையோடு முடியக்கூடிய விஷயம், மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய விஷயமாகிறது. ஆறு மாதத்தில் நீதிமன்றப் படியேற வைக்கிறது. அதனால் இதை நாட்கணக்கிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் எந்த நாளில் நிற்கிறீர்களோ அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.

இதில் வரும் சட்டம் இந்தியாவுக்கு உரியது, நடைமுறை தமிழ்நாட்டினுடையது. இலங்கையில் அவசரக் கருத்தடை மாத்திரை ஃபார்மசிகளில் கிடைக்கிறது. ஆனால் கருக்கலைப்புக்குத் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அங்கே சட்டம் இடம் தருகிறது. இலங்கை வாசகர்களுக்கு முதல் ஐந்து நாள் பற்றிய பகுதியும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகளும்தான் அப்படியே பொருந்தும்.

முதல் ஐந்து நாள்

அவசரக் கருத்தடை மாத்திரை என்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. ஐ-பில், அன்வான்டட் 72 என்ற பெயர்களில் விற்கிறார்கள். உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்காக மூன்றாம் நாள் வரை யோசிக்கலாம் என்று அர்த்தமில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் அதிகம், ஒவ்வொரு நாளும் அது குறைந்துகொண்டே வரும். ராத்திரி நடந்தது என்றால் காலையில் கடை திறந்ததும் வாங்கிப் போட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கணக்கெல்லாம் இதற்கு இல்லை. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டும்.

இந்த மாத்திரை கருவைக் கலைப்பதில்லை. சினைமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். முட்டை வெளியே வராதபோது விந்தணு உள்ளே காத்திருந்தும் பயனில்லை. ஏற்கெனவே கரு தங்கிவிட்டிருந்தால் இது அதை ஒன்றும் செய்யாது, கெடுதலும் தராது. முட்டை ஏற்கெனவே வெளியாகிவிட்ட நாளில் போட்டால் மாத்திரை தோற்கவும் வாய்ப்பு உண்டு. 'போட்டேனே, அப்புறம் எப்படி நின்றது' என்று கேட்பவர்களில் பலருடைய கதை இதுதான்.

யாருக்கு இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவர்கள்: இந்த மருந்துகள் ஹார்மோனைச் சீக்கிரமே உடைத்து வெளியேற்றிவிடும். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் பலன் குறையலாம். இவர்கள் மருத்துவரிடம் சொன்னால் இரட்டை அளவு தரலாமா, கருப்பைக்குள் வைக்கும் செம்புக் கருவியான காப்பர் டி வைக்கலாமா என்று பார்ப்பார்.

காப்பர் டி பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, ஆனால் அவசரக் கருத்தடையில் இதைவிடச் சிறந்தது இல்லை. உறவு நடந்து ஐந்து நாளுக்குள் வைத்தால் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் காப்பாற்றும். எடை, மருந்து எதுவும் இதற்குத் தடையில்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வைக்கிறார்கள்; 380ஏ வகை 10 வருடம் தாங்கும், பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் குழந்தை பெறாதவர்களுக்கும் வைக்கக்கூடாது என்று சொல்லும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அது மருத்துவம் இல்லை, மனத்தடை. அப்படிச் சொன்னால் வேறு மருத்துவரைப் பாருங்கள், நாள் ஐந்துதான் இருக்கிறது.

மாத்திரை போட்ட பிறகு குமட்டல், தலைவலி, மார்பு கனத்தல், கொஞ்சம் ரத்தம் படுதல் வரலாம். இந்த ரத்தம் மாதவிலக்கு இல்லை. அதைப் பார்த்து 'சரியாயிற்று' என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். இன்னொன்று, இன்று போட்ட மாத்திரை நாளைய உறவுக்குக் காவல் இல்லை. முட்டை தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான், அடுத்த சில நாளில் வெளியாகும். அந்த மாதம் முழுக்க ஆணுறை கட்டாயம். மாதத்துக்கு மூன்று நான்கு முறை இதைப் போடுகிறவர்களுக்குக் கருப்பை கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள், கெடாது. ஆனால் மாதவிலக்கு தாறுமாறாகும், வழக்கமான கருத்தடை அளவுக்குப் பலனும் இருக்காது.

பலாத்காரம் நடந்திருந்தால் மெடிக்கல் கடைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடிச் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. கருத்தடை மாத்திரையோடு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் தேவைப்படலாம், அதற்கும் கெடு 72 மணி நேரம்தான். பெண்களுக்கான உதவி எண் 181.

கடைக்காரர் 'இல்லை' என்றால்

தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி இது. இந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம், தடை எதுவும் இல்லை. ஆனாலும் சென்னையிலேயே பல மெடிக்கல் கடைகளில் வைப்பதில்லை. 'அதெல்லாம் வர்றதில்லைம்மா' என்று முகத்தைப் பார்க்காமல் சொல்வார்கள். சிலர் அதைக் கருக்கலைப்பு மாத்திரை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் தோழியிடம் சொல்லி முன்கூட்டியே வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அது புத்திசாலித்தனமும்கூட. காலாவதி நாளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கையில் இல்லாதபோது என்ன செய்வது? ஆரம்ப சுகாதார நிலையம், அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவு ஆகியவற்றில் கேளுங்கள். அரசுத் திட்டத்தில் இதே மாத்திரை ஈசி பில் என்ற பெயரில் இலவசமாக வருகிறது. அங்கும் இருப்பு இல்லை என்றால் மாலா-என் இருக்கிறதா என்று பார்க்கலாம். தினமும் போடும் இந்த மாத்திரையிலும் அதே ஹார்மோன் இருக்கிறது. செவிலியரையோ மருத்துவரையோ கேட்டுக்கொண்டு, 72 மணி நேரத்துக்குள் 4 மாத்திரை, 12 மணி நேரம் கழித்து இன்னும் 4 என்று எடுக்கலாம். அட்டையின் கடைசி வரிசையில் இருப்பவை வெறும் இரும்புச்சத்து மாத்திரைகள், அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. குமட்டல் கடுமையாக இருக்கும், பலனும் ஐ-பில் அளவுக்கு இல்லை. ஒன்றுமே கிடைக்காத இடத்தில் இது ஒரு வழி.

கடையில் எது கொடுத்தாலும் அட்டையைத் திருப்பிப் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்று இருந்தால் அவசரக் கருத்தடை. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று ஒரு பெரிய மாத்திரையும் நான்கு சின்ன மாத்திரைகளும் இருந்தால் அது கருக்கலைப்புக்கானது. உறவு நடந்த மறுநாள் அதற்கு வேலையே இல்லை. 'எமர்ஜென்சி மாத்திரை' என்று கேட்டவருக்கு இதைத் தூக்கிக் கொடுக்கும் கடைகள் உண்டு.

சோதனையும் வாரக் கணக்கும்

மாத்திரைக்குப் பிறகு அடுத்த மாதவிலக்கு ஒரு வாரம் முன்னே பின்னே வரலாம். எதிர்பார்த்த நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால், அல்லது உறவு நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது என்றால், சிறுநீர்ச் சோதனை செய்யுங்கள். கிட் எல்லா மெடிக்கலிலும் கிடைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காலையில் போகும் முதல் சிறுநீரில் செய்வது நல்லது. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். ஒரே கோடு வந்து, மாதவிலக்கும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதில் தனிக் கவனம் எடுக்க வேண்டும். பால் கொடுக்கும் மாதங்களில் பலருக்கு மாதவிலக்கு வராது, அதனால் நாள் தள்ளிப்போவது தெரியாது. 2023இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இப்படித்தான் தொடங்கியது. இரண்டு குழந்தைகளின் தாய், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கே திரும்பவில்லை, கர்ப்பம் என்று தெரிந்தபோது வாரம் எகிறிவிட்டது. 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டார். கருவில் குறைபாடு இல்லை, உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்று சொல்லி அந்த அக்டோபரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாந்தி, அசதி, வயிறு கனத்தல் என்று எது வந்தாலும் ஒரு கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

பாசிட்டிவ் என்றதும் செய்ய வேண்டியது வாரத்தைக் கணக்கிடுவது. உறவு நடந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்துதான் மருத்துவமும் சட்டமும் எண்ணுகின்றன. உதாரணத்துக்கு, ஜனவரி 1 கடைசி மாதவிலக்கின் முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். உறவு நடந்தது ஜனவரி 14 வாக்கில். ஜனவரி 29 வர வேண்டியது வரவில்லை. பிப்ரவரி 5 அன்று கிட்டில் இரண்டு கோடு. உங்கள் கணக்கில் மூன்று வாரம், மருத்துவர் கணக்கில் 5 வாரம். 9 வாரம் முடிவது மார்ச் 5, 12 வாரம் மார்ச் 26, 20 வாரம் மே 21, 24 வாரம் ஜூன் 18. உங்கள் தேதியை வைத்து இதே மாதிரி ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது இந்தக் காகிதம் பாதி பதற்றத்தைக் குறைக்கும். தேதி நினைவில்லாதவர்களுக்கு ஸ்கேனில் வாரம் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் கருக்கலைப்பு சட்டப்படி செய்யக்கூடியது. 1971இல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. 2021இல் அதைப் பெரிதாகத் திருத்தினார்கள். ஆனாலும் கேட்டால் கிடைத்துவிடும் உரிமையாக அது எழுதப்படவில்லை. கருவைக் கலைப்பது இன்றும் குற்றவியல் சட்டத்தில் குற்றம்தான். தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணையும் அது விட்டுவைக்கவில்லை. பதிவு பெற்ற மருத்துவர், சட்டம் சொன்ன காரணத்துக்காக, சட்டம் சொன்ன இடத்தில் செய்தால் குற்றமில்லை என்பதுதான் ஏற்பாடு. முடிவு உங்களுடையது, ஆனால் எழுத்தில் கருத்துத் தருபவர் மருத்துவர். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும், உள்ளதைத் தெரிந்துகொண்டு போனால்தான் காரியம் நடக்கும்.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். காரணங்கள்: பெண்ணின் உயிருக்கு ஆபத்து, உடல் அல்லது மன நலத்துக்குக் கடும் பாதிப்பு, கருவில் பெரிய குறைபாடு. பலாத்காரத்தால் வந்த கர்ப்பமும் கருத்தடை தோற்று வந்த கர்ப்பமும் மன நலத்துக்குக் கடும் பாதிப்பு என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. முன்பு கருத்தடை தோற்றதற்கு 'மணமான பெண்ணும் அவள் கணவனும்' என்று இருந்தது. 2021 திருத்தம் அதை 'எந்தப் பெண்ணும் அவளது இணையரும்' என்று மாற்றியது. ஆணுறை கிழிந்தது, மாத்திரை விட்டுப்போனது என்று நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். அதற்குச் சான்று கொண்டு வரச் சொல்லிச் சட்டத்தில் எங்கும் இல்லை.

யார் கையெழுத்து என்பதில்தான் எல்லா இடத்திலும் தகராறு வருகிறது. மனநோய் உள்ளவர் தவிர, 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும்தான் தேவை. கணவர் கையெழுத்து வேண்டாம், அம்மா அப்பா கையெழுத்து வேண்டாம், மாமியார் வந்து நிற்க வேண்டாம். அதற்கான ஒப்புதல் தாளுக்குப் 'படிவம் சி' என்று பெயர். அதில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. 'வீட்டுக்காரர் வரட்டும்' என்று சொன்னால், 'படிவம் சி-யில் என் கையெழுத்து போதும்தானே டாக்டர்?' என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சண்டை போடுவதைவிட இந்த ஒரு வாக்கியம் நன்றாக வேலை செய்யும்.

உங்கள் பெயரையும் விவரத்தையும் வெளியே சொல்லக் கூடாது. சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கர்ப்பிணிகளுக்குப் பிக்மி எண் பதிவு செய்வது தமிழ்நாட்டு வழக்கம். அது பேறுகாலக் கவனிப்புக்கானது. கருக்கலைப்புக்கு அந்த எண் வேண்டும் என்று கருக்கலைப்புச் சட்டம் கேட்கவில்லை.

18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும். பாதுகாவலர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அந்தப் பெண்ணைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் யாரும் இருக்கலாம். போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பல பெண்கள் வாரக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

எங்கே போவது

அரசு மருத்துவமனையில் இலவசம். ஜி.எச்.சில் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டுப் போட வேண்டும். சீட்டுப் போடும் இடத்தில் என்ன விஷயம் என்று சத்தமாகக் கேட்பார்கள், பின்னால் வரிசை நிற்கும். 'பீரியட்ஸ் பிரச்சினை, டாக்டரிடம் சொல்கிறேன்' என்றால் போதும், விளக்கம் மருத்துவருக்கு மட்டும். காலையில் சீக்கிரம் போனால் அன்றே ஸ்கேன் முடிய வாய்ப்பு அதிகம். அடையாளத்துக்கு ஏதாவது ஒன்று, ஏற்கெனவே எடுத்த மருந்துச் சீட்டுகள், இரத்த வகை தெரிந்தால் அது, நீங்கள் எழுதிய தேதிக் காகிதம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஒருவர் கூட வந்தால் நல்லது, சட்டம் கேட்கிறது என்பதற்காக இல்லை, திரும்பி வரும்போது தேவைப்படும்.

தனியார் மருத்துவமனை என்றால் கருக்கலைப்புக்கு மாவட்டக் குழுவின் ஒப்புதல் பெற்ற இடமா என்று கேளுங்கள். ஒப்புதல் சான்று பெரும்பாலும் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும். அரசு மருத்துவமனைகளுக்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. கட்டணத்தை முதலிலேயே, எல்லாம் சேர்த்து, கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகாத பெண் என்று தெரிந்ததும் தொகை ஏறுவது நடக்கிற கதைதான். அப்படி ஏறினால் எழுந்து வெளியே வரலாம், பக்கத்து ஜி.எச். இருக்கிறது.

'இங்கே அபார்ஷன் எல்லாம் செய்யறதில்லை, ஸ்கேன் சட்டம் இருக்கு' என்று சிலர் குழப்புவார்கள். 1994இல் வந்த அந்தச் சட்டம் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத்தான் தடுக்கிறது. ஸ்கேன் அறையில் திரையைப் பார்க்க விருப்பமில்லை, இதயத்துடிப்புச் சத்தம் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை.

9 வாரம் வரை: மாத்திரை

முதலில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம். கரு தங்கியிருக்கத் தேவையான ஹார்மோனை அது தடுக்கிறது. ஒரு நாள் முதல் இரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால், அது கருப்பையைச் சுருங்க வைத்துக் கருவை வெளியேற்றும். எவ்வளவு, எப்படி என்பதை வாரத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வார். இரண்டாம் மருந்தை ஆஸ்பத்திரியில் எடுக்கலாம். மருத்துவர் சம்மதித்தால், பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி இருந்தால் வீட்டில் எடுக்கலாம். மூன்றாவதாக, முதல் மாத்திரையிலிருந்து எண்ணி 15ஆம் நாள் வாக்கில் ஒருமுறை காட்டிவிட்டு வர வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நூற்றில் சிலருக்கு முழுதாகக் கலைவதில்லை, அது அன்றுதான் தெரியும்.

முதல் மாத்திரை அன்று பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மருந்து எடுத்த சில மணி நேரத்தில் வயிறு இழுத்துப் பிடிக்கும், ரத்தம் போகும், கட்டிகளும் வரும். வழக்கமான மாதவிலக்கை விட அதிகம், வலியும் அதிகம். வலி தொடங்கும் முன்பே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டால் தாங்கலாம். ஆஸ்பிரின் வேண்டாம். குளிர், லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு அன்று வந்து அன்றே போகும். அன்று லீவு போடுங்கள், கழிவறை பக்கத்தில் இருக்கட்டும், பெரிய பேட் போதுமான அளவு வாங்கி வையுங்கள். கடுமையான போக்கு ஒரு நாளில் அடங்கும், அதற்குப் பிறகு விட்டுவிட்டுப் படுவது ஒன்றிரண்டு வாரம் இருக்கும்.

கடையில் நேராக வாங்கிப் போட்டால் என்ன? இந்தியப் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். 2015இல் நாட்டில் நடந்த கருக்கலைப்புகளை மதிப்பிட்ட ஓர் ஆய்வு மொத்தம் 1.56 கோடி என்றும், அதில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையில் நடந்தது என்றும் சொன்னது. மாத்திரை பாதுகாப்பானதுதான். ஆபத்து, தெரியாமல் போடுவதில் இருக்கிறது. கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தம் மட்டும் போகும், முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது குழாய் வெடிக்கும். கடும் ரத்தசோகை இருப்பவர்களுக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் இது சரிப்படாது. காப்பர் டி உள்ளே இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். வாரக் கணக்கு தப்பாகி 14 வாரத்தில் வீட்டில் போட்டுவிட்டு ரத்தப்போக்கோடு 108-இல் வருகிறார்கள். ஆன்லைனில் முகம் தெரியாதவர் கூரியரில் அனுப்பும் அட்டையில் உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பதற்கும் பொறுப்பு யாரும் இல்லை.

பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளுருண்டை, கருஞ்சீரகக் கஷாயம் எதுவும் கருவைக் கலைக்காது. அதை நம்பி விடும் இரண்டு வாரம்தான் நஷ்டம். குச்சி, வேர் என்று உள்ளே எதையாவது வைப்பது உயிரை எடுக்கும்.

12 வாரம் வரை, அதற்கு மேல்

12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் முறை இருக்கிறது. கையால் இயக்கும் குழாய்க் கருவியில் கருவை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள், வேலை 10, 15 நிமிடம், அன்றே வீட்டுக்கு வரலாம். மாத்திரை வேண்டாம் என்பவர்கள், ஒரே நாளில் முடிய வேண்டும் என்பவர்கள், வீட்டில் மறைத்து ரத்தப்போக்கைச் சமாளிக்க முடியாதவர்கள் இதைக் கேட்கலாம். பேச்சில் எல்லாவற்றையும் 'டிஎன்சி' என்றே சொல்கிறார்கள். உண்மையான டிஎன்சி உலோகக் கருவியால் சுரண்டும் பழைய முறை. அதை விட்டுவிட்டு உறிஞ்சும் முறைக்கு மாறச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. 'சுரண்டுவீர்களா, உறிஞ்சுவீர்களா?' என்று கேட்பதில் தப்பில்லை.

12 வாரம் தாண்டினால் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் செய்ய வேண்டும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும், அதுவும் விதிகள் பட்டியலிட்ட பெண்களுக்கு மட்டும்: பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கருவில் பெருங்குறை உள்ளவர்கள், பேரிடரில் சிக்கியவர்கள். இந்தப் பட்டியலில் மணமாகாத பெண்ணைக் காணோமே என்றுதான் 25 வயதுப் பெண் ஒருவர் 2022இல் உச்ச நீதிமன்றம் போனார். மணமானவள், ஆகாதவள் என்று பிரிப்பது செல்லாது என்று அதே செப்டம்பர் 29 தீர்ப்பு சொன்னது. கணவனே பலாத்காரம் செய்தாலும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு அது பலாத்காரம்தான் என்றும் சொன்னது. எல்லா மருத்துவமனைக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மறுத்தால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணில் அழைக்கலாம்.

24 வாரத்துக்கு மேல், கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மட்டும், மருத்துவ வாரியம் முடிவெடுக்கும். மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், கேட்ட நாளிலிருந்து ஐந்து நாளில் முடித்துத் தர வேண்டும் என்பது விதி. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் என்றால் எந்த வாரத்திலும் மருத்துவர் செய்யலாம். குழந்தை வேண்டும் என்று சுமப்பவர்களும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: குறைபாடு பார்க்கும் அனாமலி ஸ்கேனை 18, 20 வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். 23ஆம் வாரம் தெரிந்தால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை

பெரிய பேட் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால். இரண்டாவது மருந்து எடுத்த மறுநாளும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் நின்றால். நாற்றத்தோடு வெள்ளை போனால். மாத்திரைக்கு அடங்காத வயிற்றுவலி இருந்தால். ஒரு பக்கமாக வலித்துத் தோள்பட்டை வரை இழுத்தால். மயக்கம் வந்தால்: விடியட்டும் என்று காத்திருக்காமல் 108. மிசோப்ரோஸ்டால் எடுத்தும் ஒரு நாளாக ரத்தமே போகவில்லை என்றாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். எந்த மாத்திரை, எப்போது, எத்தனை என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ராத்திரியில் இது சாதாரணமா இல்லையா என்ற சந்தேகத்துக்கு 104 இருக்கிறது.

அதற்குப் பிறகு

முறையாகச் செய்த கருக்கலைப்பால் பின்னால் குழந்தை பிறப்பதில் தடை வராது. சொல்லப்போனால் கரு தங்கும் சக்தி பலர் நினைப்பதைவிடச் சீக்கிரம், பத்து நாளுக்குள்கூடத் திரும்பிவிடும். மாதவிலக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இடையில் கருத்தடை இல்லாமல் இருந்தால் மறுபடி தங்கும். மருந்து எடுக்கும் நாள்களிலேயே தினசரி மாத்திரையையோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசியையோ தொடங்கலாம். உறிஞ்சும் முறை என்றால் அதே மேசையிலேயே காப்பர் டி வைத்துவிடலாம். ஆனால் 'காப்பர் டி வைத்தால்தான் கலைப்போம்', 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால்தான் செய்வோம்' என்று நிபந்தனை போட யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு வாரம், ரத்தம் நன்றாகக் குறையும் வரை, உறவு வேண்டாம். குளிக்கலாம், சமைக்கலாம், வேலைக்குப் போகலாம்; ரத்தம் நிறையப் போயிருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆவலில் மறுவாரமே கிட் வாங்கிச் சோதிக்காதீர்கள். கரு வெளியேறிய பிறகும் மூன்று நான்கு வாரம் வரை அதில் இரண்டு கோடு வரும். நான்கு வாரம் கழித்தும் இரண்டு கோடு வந்தால், அல்லது வாந்தியும் மார்பு கனமும் போகாமல் இருந்தால், அதே மருத்துவரிடம் திரும்பப் போய் ஒரு ஸ்கேன் எடுங்கள்.